ஆயிரத்தில் ஐம்பது குறைவு: நபி நூஹ் (அலை) அவர்களின் வாழ்வு

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

பொன்விழா மலருக்கு ஒரு நபியின் வரலாற்றை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது, நமக்கு உடனே நினைவுக்கு வந்தவர்கள் நபி நூஹ் (அலைஹிஸ்ஸலாம்) அவர்கள்தாம். காரணம் ஒரு கணக்கு. அவர்கள் தம் சமுதாயத்தாரிடையே தங்கியிருந்த காலத்தைத் திருக்குர்ஆனின் அன்கபூத் அத்தியாயம் ஆயிரம் ஆண்டுகளில் ஐம்பது குறைவு என்று சொல்கிறது. அதாவது 950 ஆண்டுகள். நாம் இன்று மண்டபம் பிடித்து, விருந்து வைத்து, மலர் வெளியிட்டுக் கொண்டாடுகிற 50 ஆண்டுகள், அந்தக் கணக்கில் கழிக்கப்பட்ட தொகை மட்டுமே.

சங்கத்தின் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. ஐம்பது ஆண்டுகள் ஒரு சங்கத்தைக் கலையாமல் கொண்டுவருவது எவ்வளவு பாடு என்பது செயலவையில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் கடை நடத்தும் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மாலையில் கல்லாவை எண்ணி, அன்றைய உழைப்பு பலித்ததா இல்லையா என்று முடிவு செய்துவிடுவோம். சங்க வேலைக்கும் மார்க்க வேலைக்கும், பிள்ளை வளர்ப்புக்கும்கூட அதே கல்லாக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறோம். அந்தக் கணக்கு எங்கே தப்புகிறது என்பதை நூஹ் நபியின் வாழ்வைப் போல் தெளிவாகக் காட்டும் வரலாறு வேறில்லை.

யார் இந்த நூஹ் நபி?

யூதர்களின் வேதத்திலும் கிறிஸ்தவர்களின் விவிலியத்திலும் நோவா என்று வருபவர் இவர்களே. விவிலியத்தின் வம்ச வரிசைப்படி ஆதம் (அலை) அவர்களிலிருந்து பத்தாவது தலைமுறை. ஆதம் நபிக்கும் நூஹ் நபிக்கும் இடையே பத்துத் தலைமுறைகள் இருந்தன என்றும், அவர்கள் எல்லாரும் நேர்வழியில் இருந்தார்கள் என்றும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக ஒரு செய்தி உண்டு. திருக்குர்ஆனில் இவர்களின் பெயர் 43 இடங்களில் வருகிறது. 71ஆம் அத்தியாயம் இவர்களின் பெயரையே தாங்கியுள்ளது. 28 வசனங்கள் கொண்ட அந்த அத்தியாயம் முழுவதும் இவர்களைப் பற்றியதே. மறுமை நாளில் மக்கள் பரிந்துரை தேடி இவர்களிடம் வரும்போது, பூமியில் உள்ளோருக்கு அனுப்பப்பட்ட முதல் தூதர் என்று இவர்களை அழைப்பார்கள் என்பது ஹதீஸ். உறுதிமிக்க ஐந்து தூதர்கள் என்று நம் உலமாக்கள் எண்ணும் வரிசையில் முதலில் நிற்பவர்கள் இவர்கள். இப்ராஹீம், மூஸா, ஈஸா (அலை), நம் நாயகம் (ஸல்) ஆகியோர் இவர்களுக்குப் பின் வருகிறார்கள்.

ஊர் வழி தவறிய விதம்

ஏகத்துவத்தில் இருந்த மக்கள் சிலைவணக்கத்துக்கு ஒரே நாளில் போய்விடவில்லை. அது படிப்படியாக நடந்தது. வத்து, சுவாஃ, யகூஸ், யஊக், நஸ்ர் என்று ஐந்து பெயர்களைக் குர்ஆன் சொல்கிறது. இவை நூஹ் நபியின் சமுதாயத்தில் வாழ்ந்த நல்லடியார்களின் பெயர்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) விளக்கம் சொன்னதை இமாம் புகாரி பதிவு செய்திருக்கிறார்கள். அந்த நல்லவர்கள் இறந்த பிறகு, அவர்கள் வழக்கமாக அமர்ந்த இடங்களில் நினைவுச் சின்னங்களை நாட்டும்படி ஷைத்தான் தூண்டினான். நாட்டியவர்கள் அவற்றை வணங்கவில்லை. அவர்களும் இறந்தார்கள், எதற்காக நாட்டினோம் என்ற அறிவும் அவர்களோடு போயிற்று. அடுத்து வந்தவர்கள் வணங்கத் தொடங்கினார்கள்.

இதில் பெற்றோர்களாகிய நமக்கு ஒரு செய்தி இருக்கிறது. முதல் தலைமுறை காரணத்தோடு செய்ததை, இரண்டாம் தலைமுறை பழக்கத்தால் செய்தது. மூன்றாம் தலைமுறைக்குப் பழக்கம் மட்டும் கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை. ஏன் செய்கிறோம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டால் எந்தச் சமுதாயத்துக்கும் இது நேரலாம்.

இரவும் பகலும் ஒரே அழைப்பு

அப்படி மாறிவிட்ட மக்களிடம்தான் அல்லாஹ் நூஹ் நபியை அனுப்பினான். வெளியூரிலிருந்து வந்தவரல்லர். அதே மக்களில் பிறந்து, அதே மொழி பேசியவர்கள். படைத்தவன் ஒருவனையே வணங்குங்கள், அவனை அஞ்சுங்கள், நான் சொல்வதைக் கேளுங்கள் என்ற மூன்று செய்திகளையே வாழ்நாள் முழுவதும் எடுத்துச் சொன்னார்கள்.

சொன்ன முறைகளைத்தான் கவனிக்க வேண்டும். இரவிலும் சொன்னார்கள், பகலிலும் சொன்னார்கள். ஊர் கேட்க உரக்கவும் சொன்னார்கள், தனியே அழைத்து மெதுவாகவும் சொன்னார்கள். அச்சமூட்டி மட்டும் பேசவில்லை. இறைவனிடம் பாவமன்னிப்புக் கேட்டால் வானம் மழை பொழியும், செல்வமும் பிள்ளைகளும் பெருகும், தோட்டங்களும் ஆறுகளும் உண்டாகும் என்று ஆசையூட்டியும் பேசினார்கள். அடுக்கடுக்கான வானங்களையும், ஒளியாக உள்ள நிலவையும், விளக்காக உள்ள கதிரவனையும், விரிப்பாக அமைந்த பூமியையும் காட்டிச் சிந்திக்கச் சொன்னார்கள்.

மக்கள் என்ன செய்தார்கள்? விரல்களைக் காதுகளில் திணித்துக்கொண்டார்கள். முகம் தெரியாதபடி ஆடைகளால் மூடிக்கொண்டார்கள். பைத்தியம் பிடித்தவர் என்றார்கள். நம்மைப் போன்ற ஒரு மனிதர்தானே, இறைவன் நாடியிருந்தால் வானவர்களை அனுப்பியிருக்க மாட்டானா என்று வாதாடினார்கள். நிறுத்தாவிட்டால் கல்லெறிந்து கொல்வோம் என்று மிரட்டினார்கள். நூஹ் நபி அவர்களோ, அழைக்க அழைக்க இவர்கள் இன்னும் தூரம் ஓடுகிறார்களே என்று இறைவனிடம்தான் முறையிட்டார்கள். முறையிட்ட பிறகும் மறுநாள் போய் அழைத்தார்கள்.

தலைவர்கள் கேட்ட விலை

ஊர்த் தலைவர்களுக்கு இன்னொரு குறையும் இருந்தது. நூஹ் நபியைப் பின்பற்றியவர்கள் அவர்கள் பார்வையில் ஊரில் மதிப்பில்லாத ஏழைகள். இந்தக் கீழோர் இருக்கும் கூட்டத்தில் நாங்கள் எப்படிச் சேர்வது என்று கேட்டார்கள். நேரே சொன்னால், அந்த ஏழைகளை விரட்டினால் வருவதைப் பற்றி யோசிப்போம் என்பது பேரம்.

வியாபாரக் கண்ணோடு பார்த்தால் இது மறுக்க முடியாத பேரம். கையில் இருப்பதோ ஒரு சில ஏழைகள். விட்டுக்கொடுத்தால் வரப்போவது ஊரின் செல்வமும் செல்வாக்கும். அவர்களை வைத்து ஊரையே திருப்பியிருக்கலாம் என்று நம்மில் பலர் வாதாடுவோம். நூஹ் நபி மறுத்துவிட்டார்கள். நம்பிக்கை கொண்டவர்களை நான் விரட்டுபவன் அல்லன், அவர்களை விரட்டினால் அல்லாஹ்விடமிருந்து என்னைக் காப்பவர் யார் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். தம்மிடம் இறைவனின் கருவூலங்கள் இல்லை, மறைவானவை தமக்குத் தெரியாது, தாம் ஒரு வானவருமல்லர் என்றும் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். இந்த வேலைக்கு உங்களிடம் கூலி கேட்கவில்லை, என் கூலி இறைவனிடம் இருக்கிறது என்றும் தெளிவுபடுத்தினார்கள்.

கூலி மக்களிடம் இல்லை என்று முடிவு செய்துவிட்டவரை மக்கள் விலைக்கு வாங்க முடியாது. 950 ஆண்டுகள் அவர்கள் சோராமல் நின்றதன் ரகசியம் இதுதான் என்று நாம் நினைக்கிறோம்.

பலகையும் ஆணியும்

ஒரு கட்டத்தில், இதுவரை நம்பியவர்களைத் தவிர இனி ஒருவரும் நம்பப் போவதில்லை என்று அல்லாஹ் அறிவித்துவிட்டான். கப்பல் கட்டும்படி கட்டளையும் வந்தது. பலகைகளும் ஆணிகளும் கொண்டது என்றே குர்ஆன் அந்தக் கப்பலை வர்ணிக்கிறது, அளவு சொல்லவில்லை. விவிலியம் நீளம் 300 முழம், அகலம் 50 முழம், உயரம் 30 முழம் என்கிறது. முழத்துக்கு 45 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஏறத்தாழ 135 மீட்டர் நீளம், 22 மீட்டருக்குச் சற்று அதிகமான அகலம், பதின்மூன்றரை மீட்டர் உயரம். பாலிடெக்னிக்கில் வரைபடம் போட்டுப் படித்த நமக்கு இந்த எண்களைப் பார்க்கும்போது தோன்றுவது ஒன்றுதான்: இது ஊருக்குத் தெரியாமல் செய்கிற வேலை அன்று. ஒவ்வொரு பலகையும் ஊர்க் கண்முன் ஏறியிருக்கும்.

ஏறவும் செய்தது. தலைவர்கள் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கேலி செய்தார்கள். நூஹ் நபி வேலையை நிறுத்தவில்லை. இத்தனை காலம் நாவால் செய்த பணி முடிந்து, இப்போது கையால் செய்யும் பணி. அதையும் அதே பொறுமையோடு செய்தார்கள்.

பிறகு அடையாளம் தோன்றியது. அடுப்பிலிருந்து நீர் பொங்கியது. வானத்தின் வாயில்கள் திறந்து மழை கொட்டியது. பூமியின் ஊற்றுகள் வெடித்துப் பீறிட்டன. ஒவ்வோர் இனத்திலும் ஓர் இணையையும், குடும்பத்தாரில் நம்பிக்கை கொண்டவர்களையும், மற்ற நம்பிக்கையாளர்களையும் ஏற்றிக்கொண்டார்கள். ஏறியவர்கள் மிகச் சிலரே என்கிறது குர்ஆன். எண்பது பேர் என்று சில விரிவுரைகள் கூறும். அந்தக் கணக்கையே வைத்தாலும், ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருவர்தான் தேறினார்.

கப்பல் ஓடுவதும் நிற்பதும் அல்லாஹ்வின் பெயரால்தான் என்று சொல்லி ஏறும்படி நூஹ் நபி கூறினார்கள். கடற்பயணம் செய்யும் முஸ்லிம்கள் அதை துஆவாக ஓதுவது இன்றும் வழக்கம். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறங்கிய நம் பாட்டனார்கள் பலர் அந்த துஆவை ஓதியே கடல் தாண்டினார்கள்.

அலை நடுவே வந்தது

இந்த வரலாற்றின் மிகக் கனமான இடத்துக்கு வந்துவிட்டோம்.

மலை போன்ற அலைகளுக்கிடையே கப்பல் செல்கிறது. தனியே ஒதுங்கி நிற்கும் மகனை நூஹ் நபி பார்க்கிறார்கள். எங்களோடு ஏறிவிடு, மறுப்பவர்களோடு இருந்துவிடாதே என்று கூப்பிடுகிறார்கள். குர்ஆனில் அந்த அழைப்பு அருமை மகனே என்று பிரியம் பொங்கும் சொல்லோடு வருகிறது. மலை மேல் ஏறித் தப்பித்துக்கொள்வேன் என்கிறான் மகன். இன்று அல்லாஹ் அருள் புரிந்தவரைத் தவிர யாருக்கும் பாதுகாப்பில்லை என்று தந்தை சொல்லிக்கொண்டிருக்கும்போதே இருவருக்கும் நடுவே அலை வந்துவிட்டது. அவன் மூழ்கினான்.

குர்ஆன் அவன் பெயரைச் சொல்லவில்லை. விரிவுரையாளர்கள் சிலர் கன்ஆன் என்பார்கள். விவிலியத்தில் நோவாவின் மூன்று மக்களும் பேழையில் ஏறிவிடுகிறார்கள். மூழ்கிய மகனைப் பற்றிக் குர்ஆன்தான் நமக்குச் சொல்கிறது. நூஹ் நபியின் மனைவியும் நம்பிக்கை கொள்ளாதவர் என்பதைத் தஹ்ரீம் அத்தியாயம் தெரிவிக்கிறது. உலகம் முழுவதற்கும் எடுத்துச் சொன்னவரின் சொந்த வீட்டில் இரண்டு பேர் கேட்கவில்லை.

வெள்ளத்தின் நடுவே தந்தையின் மனம் தாளவில்லை. என் மகன் என் குடும்பத்தைச் சேர்ந்தவன்தானே என்று இறைவனிடம் முறையிட்டார்கள். அவன் உம் குடும்பத்தைச் சேர்ந்தவன் அல்லன், அவன் செயல் நற்செயல் அன்று, உமக்கு அறிவில்லாததைக் கேட்காதீர் என்ற கருத்தில் பதில் வந்தது. நூஹ் நபி உடனே அடங்கி, மன்னிப்புக் கேட்டு, இறைவனின் அருளை வேண்டினார்கள். அதற்கு மேல் ஒரு வாதமும் செய்யவில்லை.

நம் குடும்பங்களிலும் இந்த அலை உண்டு. தொழுகையை விட்ட பிள்ளை, வீட்டோடு பேச்சை நிறுத்திய பிள்ளை, கூடாத பழக்கத்தில் விழுந்த பிள்ளை. அப்படிப்பட்ட பெற்றோர் பள்ளிவாசலில் கடைசி வரிசையில் நிற்பதையும், கல்யாண வீட்டில் யாரும் கேட்டுவிடுவார்களோ என்று சீக்கிரம் கிளம்புவதையும் நாம் பார்த்திருக்கிறோம். வளர்ப்புச் சரியில்லை என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்பவர்களையும் பார்த்திருக்கிறோம். அந்தச் சொல்லைச் சொல்லும் முன் நூஹ் நபியை நினைக்க வேண்டும். ஒரு நபியின் கைகளில் வளர்ந்த மகனே கரையேறவில்லை. தந்தையின் தகுதிக்கு அது குறைவாகவில்லை. உள்ளங்களைத் திருப்புவது அல்லாஹ்வின் கையில் இருக்கிறது.

பெற்றோருக்கு இதில் ஆறுதலோடு ஒரு கடமையும் இருக்கிறது. அலை நடுவே வரும் நொடிவரை நூஹ் நபி கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார்கள்; அதுவும் அருமை மகனே என்றுதான் கூப்பிட்டார்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் அலை இன்னும் நடுவே வரவில்லை. தொலைபேசி இருக்கிறது, பெருநாள் வருகிறது, கதவு இருக்கிறது. எத்தனை முறை அழைத்தும் வரவில்லையே என்று எண்ணிக்கை போட வேண்டாம்.

ஜூதி மலை

பூமி தன் நீரை விழுங்கியது, வானம் நின்றது. கப்பல் ஜூதி மலையில் தங்கியது. இன்றைய துருக்கியின் தென்கிழக்கில் ஜிஸ்ரே நகருக்கு அருகில் அதே பெயருள்ள மலை இருக்கிறது. விவிலியம் அரராத் மலைகள் என்று சொல்கிறது. சாந்தியோடும் அருள்வளங்களோடும் இறங்கும்படி நூஹ் நபிக்குக் கட்டளை கிடைத்தது. அந்தச் சிலரைக் கொண்டு மனித வாழ்வு மீண்டும் தொடங்கியது.

நூஹ் நபி மரணத் தறுவாயில் தம் மகனுக்குச் சொன்ன உபதேசம் ஒன்றை நம் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்திருக்கிறார்கள். இரண்டை ஏவினார்கள்: இறைவன் ஒருவனே என்ற கலிமா, அவனைத் துதித்துப் புகழும் தஸ்பீஹ். இரண்டைத் தடுத்தார்கள்: இணைவைத்தல், பெருமை. நல்ல ஆடை அணிவதும் நல்ல வாகனம் வைத்திருப்பதும் பெருமையா என்று தோழர்கள் கேட்டபோது, உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகப் பார்ப்பதுமே பெருமை என்று நாயகம் (ஸல்) விளக்கினார்கள். ஏழைகளோடு உட்கார மாட்டோம் என்று சொல்லி மூழ்கிய தலைவர்களை நூஹ் நபி கடைசிவரை மறக்கவில்லை போலும்.

இவ்வளவு இழந்தவரைக் குர்ஆன் எப்படிக் குறிப்பிடுகிறது தெரியுமா? நன்றி செலுத்தும் அடியார் என்று. மகனை இழந்தவர், மனைவியை இழந்தவர், ஊரை இழந்தவர், நன்றி செலுத்துபவர் என்ற பெயரைப் பெற்றிருக்கிறார்கள்.

சாட்சி சொல்லும் கூட்டம்

இனி கல்லாக் கணக்குக்கு வருவோம். 950 ஆண்டுகள், மிகச் சிலர். நட்டக் கணக்கு என்றுதானே தோன்றும்?

புகாரியில் வரும் ஒரு ஹதீஸ் அந்தக் கணக்கை மாற்றி எழுதுகிறது. மறுமையில் நூஹ் நபி அழைக்கப்பட்டு, செய்தியை எடுத்துச் சொன்னீரா என்று கேட்கப்படும். ஆம் என்பார்கள். அவர்களின் சமுதாயமோ எங்களுக்கு யாரும் எச்சரிக்கவில்லை என்று மறுத்துவிடும். உமக்குச் சாட்சி யார் என்று கேட்கப்படும்போது, முஹம்மத் (ஸல்) அவர்களும் அவர்களின் உம்மத்தும் என்று நூஹ் நபி சொல்வார்கள். நாம் சாட்சி சொல்வோம்.

அவர்களை நாம் பார்த்ததில்லை. அவர்கள் மொழி நமக்குத் தெரியாது. ஆனாலும் துணைப்பாட வகுப்பு முடிந்து மதரஸாவுக்கு ஓடும் நம் வீட்டுக் குழந்தை, நூஹ் நபியின் கப்பலை வண்ணப் பென்சிலால் வரைகிறது. அந்தக் குழந்தையும் அவர்களுக்கு ஒரு சாட்சி. உழைத்த காலத்தில் எண்ணிப் பார்க்க முடியாத கூட்டம் அவர்கள் பக்கம் நிற்கப் போகிறது. உழைப்பு வீணாகவில்லை, வரவு வேறொரு பேரேட்டில் எழுதப்பட்டது.

நம் சங்கத் தொண்டூழியர்களுக்கு இது போதும் என்று நினைக்கிறோம். நோன்புக் கஞ்சிக்கு விடியற்காலையில் அரிசி களைந்தவர்கள், நள்ளிரவில் ஜனாஸா வேலைக்கு ஓடியவர்கள், உபகாரச் சம்பளத்துக்குக் கடை கடையாய் ஏறி இறங்கி நிதி திரட்டியவர்கள் பலரின் பெயர் எந்த ஆண்டறிக்கையிலும் இல்லை. பொதுக்கூட்டத்துக்கு இத்தனை பேர்தானே வந்தார்கள், இளைஞர்கள் வரவில்லையே என்ற வருத்தம் ஆண்டுதோறும் எழுகிறது. வருத்தம் நியாயமானது; இளைஞர்களைத் தேடிப் போய் அழைக்கவும் வேண்டும். ஆனால் நாற்காலிகளை எண்ணி வேலையின் மதிப்பை முடிவு செய்ய வேண்டாம். வந்திருக்கும் சிலரைச் சிறியவராகவும் எண்ண வேண்டாம். கப்பலில் ஏறியவர்களும் சிலர்தாம்.

நூஹ் அத்தியாயம் ஒரு துஆவோடு நிறைவடைகிறது. தமக்காகவும், தம் பெற்றோருக்காகவும், நம்பிக்கையோடு தம் வீட்டில் நுழைந்தவர்களுக்காகவும், நம்பிக்கை கொண்ட எல்லா ஆண்களுக்காகவும் பெண்களுக்காகவும் அதில் நூஹ் நபி மன்னிப்பு வேண்டியிருக்கிறார்கள். அந்த வேண்டுதலில் நம் முன்னோரும், நாமும், நம் பிள்ளைகளும் அடக்கம். நம் சங்கத்தை உருவாக்கி மண்ணுக்குள் போய்விட்ட பெரியவர்களையும் அந்த துஆ சேரட்டும். சொல்வதைச் சோராமல் சொல்லும் நாவையும், விளைவை இறைவனிடம் விட்டுவிடும் மனத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.